ஹார்மோன் ஊசிக்குப் பிறகு உடம்பில் வரும் எதிர்பாராத மாற்றங்கள்: ப்ராஸ்டேட் புற்றுநோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு நான் ஹார்மோன் சிகிச்சை தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. ஊசி நாளில் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது புதிதாக வந்தவர்கள் மெதுவாகப் பக்கத்தில் வந்து கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, எனக்கு இப்படி ஆகுது. இது ஊசியாலயா, நோயாலயா, வயசாலயா?"

அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. எந்த மருந்து, எத்தனையாவது நாள், இன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதா, இல்லை அடுத்த முறை சொன்னால் போதுமா என்று இந்த வரிசையில் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் தடுமாறுவது வரிசை மாறுவதால்தான். ஒன்று, பயந்துபோய் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இல்லையென்றால் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

நான் மருத்துவர் இல்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டர் முடிவு. அவர் முன்னால் போய் உட்காரும்வரை வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் வாங்கி வைக்க வேண்டியவை: ஒரு நோட்டு, டிஜிட்டல் காய்ச்சல்மானி, மேல்கையில் கட்டும் ரத்த அழுத்தக் கருவி, எடை பார்க்கும் மெஷின், ஒரு இஞ்ச் டேப். சர்க்கரை நோய் இருந்தால் குளுக்கோமீட்டர் கட்டாயம்.

1. மருந்துகளைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதுங்கள்

"ஹார்மோன் ஊசி போடுறாங்க" என்றால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு மருந்துக்கும் தொல்லை வேறு.

லுப்ரோலைட், கோசரெலின், டிரிப்டோரெலின் ஊசிகள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை முதலில் சில நாள் ஏற்றிவிட்டு அப்புறம்தான் இறக்கும். டெகாரெலிக்ஸ் ஊசியும் ரெலுகோலிக்ஸ் மாத்திரையும் ஏற்றாமலே இறக்குபவை. விதைகளை அறுவை சிகிச்சையில் எடுத்தவர்களுக்கு இந்த ஊசி தேவையில்லை. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் குறைவதால் வரும் அத்தனை மாற்றமும் அவர்களுக்கும் வரும். "ஊசியே போடலையே, எனக்கு ஏன் வேர்க்குது?" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பலருக்கு இதோடு மாத்திரையும் இருக்கும்: பைகலூட்டமைட், அபிராடெரோன், என்சலூட்டமைட், அபலூட்டமைட், டாரோலூட்டமைட் இவற்றில் ஒன்று. அபிராடெரோன் என்றால் கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. எலும்புக்கு சோலெட்ரோனிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசி. இவை தவிர உங்கள் பழைய சர்க்கரை, பிரஷர், இதய மாத்திரைகள்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அட்டையில் பெரிதாக அச்சடித்த பிராண்ட் பெயரை எழுத வேண்டாம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள். கடையில் வேறு பிராண்ட் கொடுத்துவிட, பழைய அட்டையும் புது அட்டையும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்கியவர்கள் உண்டு.

2. முதல் ஊசிக்கு முன்பே அளவெடுத்து வையுங்கள்

ஆறு மாதம் கழித்து "எடை ஏறிவிட்டது" என்று சொன்னால், எங்கிருந்து ஏறியது என்று டாக்டர் கேட்பார். தொடக்க அளவு கையில் இல்லாவிட்டால் பதில் இல்லை.

வீட்டில் எடுக்க வேண்டியவை எடை, தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம். ஆய்வகத்தில் சர்க்கரை மற்றும் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு, ஹீமோகுளோபின், கல்லீரல், சிறுநீரகம், பொட்டாசியம், வைட்டமின் டி. இவற்றோடு ஒரு இ.சி.ஜி. எலும்பின் அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எங்கே எடுக்கலாம் என்றும் டாக்டரிடம் கேளுங்கள். நீண்ட நாள் ஹார்மோன் சிகிச்சை எலும்பைக் கரைக்கும் என்பதால் அதை ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

அப்புறம் பல் டாக்டர். இதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். சோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் இரண்டுக்கும் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து சிறிதளவு உண்டு. ஊசி தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் அந்த ஆபத்து கூடும். ஆடும் பல், சொத்தைப் பல் எல்லாவற்றையும் முன்பே பார்த்து முடித்து, புண் ஆறிய பிறகு எலும்பு ஊசிக்குப் போவதுதான் சரியான வரிசை.

3. "இன்றே கிளம்பு" பட்டியலை பீரோ கதவில் ஒட்டுங்கள்

இரவு இரண்டு மணிக்கு ஏதாவது வந்தால் வீட்டில் யாரும் நிதானமாக யோசிக்க மாட்டார்கள். அதனால் சின்னத் தொல்லைகளைப் பற்றிப் படிக்கும் முன் பெரியதை எழுதி ஒட்டிவிடுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடலாம்.

– புதிதாக முதுகுவலி, அதோடு கால் பலவீனம், மரமரப்பு, நடை தள்ளாட்டம், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு போவது. முதுகெலும்புக்கு நோய் பரவியவர்களுக்குத் தண்டுவடம் நசுங்குவதன் அடையாளம் இது. சில மணி நேரத் தாமதம்கூடக் காலை நிரந்தரமாக முடக்கலாம்.
– சிறுநீர் சுத்தமாக அடைத்துக்கொள்வது.
– நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயங்கி விழுதல், படபடப்போடு தலைசுற்றல், முகம் கோணுதல், ஒரு பக்கம் செயலிழத்தல்.
– வலிப்பு.
– ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும்.
– கண் மஞ்சளாவது, சிறுநீர் கடும்பழுப்பாகப் போவது.
– ஊசி போட்ட சில மணி நேரத்திலோ சில நாளிலோ திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் அல்லது இரட்டையாகத் தெரிவது. மிக அபூர்வம். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் முன்பே தெரியாத கட்டி இருந்தவர்களுக்கு, லுப்ரோலைட் வகை ஊசிக்குப் பின் அந்தச் சுரப்பியில் ரத்தம் கசியலாம். "ஒற்றைத் தலைவலி" என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடக் கூடாது.
– வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம். இதையும் இதே பட்டியலில்தான் வைக்கிறேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

4. முதல் மூன்று வாரத்தைத் தனியாகக் கவனியுங்கள்

லுப்ரோலைட் வகை ஊசி முதலில் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும் என்றேன். அந்த இரண்டு மூன்று வாரத்தில் எலும்பு வலி கூடலாம், சிறுநீர் இன்னும் சிரமமாகலாம். இதைத் தடுக்கத்தான் ஊசிக்கு முன்னும் பின்னும் சில வாரம் பைகலூட்டமைட் போன்ற மாத்திரை எழுதித் தருகிறார்கள்.

இங்கே நடக்கும் தவறு: "ஊசிதான் முக்கியம், மாத்திரை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மாத்திரையை வாங்காமலே ஊசிக்கு வந்துவிடுவது. மாத்திரை எந்தத் தேதியில் தொடங்க வேண்டும், எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்று இரண்டையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். நிறுத்தும் தேதி தெரியாமல் மாதக்கணக்கில் தொடர்ந்தவர்களும் உண்டு.

5. நோட்டை இப்படி எழுதுங்கள்

ஊசி போட்ட நாளை 1 என்று வைத்து நாளை எண்ணுங்கள். தேதி மட்டும் எழுதினால் ஊசியோடு உள்ள தொடர்பு கண்ணில் படாது. ஒரு வரியில் நாள், நேரம், என்ன நடந்தது, எவ்வளவு நேரம், அப்போது எடுத்த அளவு. என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "12-ஆம் நாள், இரவு 2.40, சூடு, 4 நிமிடம், பனியன் நனைந்தது, பிறகு குளிர், சர்க்கரை 118."

தினமும் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம், இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடுவீர்கள். புதிதாக வந்ததையும் கூடியதையும் எழுதினால் போதும். வாரம் ஒருநாள் எடை, ரத்த அழுத்தம்.

நோட்டு எழுதும் வேலையில் மனைவியையோ மகனையோ மகளையோ சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஞாபகம் தடுமாறியதையும் கோபம் கூடியதையும் முதலில் கவனித்தது என் மனைவிதான். எனக்கு அது தெரியவே இல்லை.

6. சூடு, வியர்வை, அப்புறம் குளிர்

பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது வருவதுதான் இது, ஹார்மோன் குறைவதால் மூளையின் வெப்பக் கட்டுப்பாடு தடுமாறுகிறது. சிகிச்சையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவில் வரும். ஆனால் வரும் விதம்தான் பலரையும் பயமுறுத்துகிறது.

எனக்கு நடு நெஞ்சில் வெந்நீர்ப் பையை வைத்தாற்போலத் தொடங்கி, கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். நாலைந்து நிமிடத்தில் பனியன் பிழியும் அளவுக்கு நனையும். அடுத்த ஐந்து நிமிடத்தில் பல் கிட்டும் குளிர். கத்திரி வெயிலில் போர்வை கேட்டதைப் பார்த்து வீட்டில் மலேரியாவோ என்று பயந்துவிட்டார்கள்.

முதல் வேலை, இது அதுதானா என்று உறுதி செய்வது. காய்ச்சல்மானி வையுங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் அது வெறும் சூடு இல்லை, காய்ச்சல். சர்க்கரை நோயாளி என்றால், வியர்வையோடு கைநடுக்கமும் பசியும் குழப்பமும் இருந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் அது சர்க்கரை இறங்கியது, உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். வியர்வையோடு நெஞ்சு இறுக்கம் இருந்தால் பீரோ கதவுப் பட்டியல்தான். என்னோடு ஊசிக்கு வரும் ஒருவர் இரவு வியர்வையெல்லாம் ஊசிதான் என்று இரண்டு வாரம் விட்டுவிட்டார், சர்க்கரை மாத்திரையின் அளவு கூடிப்போனதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

அடுத்து, எது தூண்டுகிறது என்று நோட்டில் தேடுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் காபி, காரம், மது, புகை, இறுக்கமான பாலியஸ்டர் சட்டை ஆகியவை பலருக்கும் காரணம். எனக்குக் காபி. காபியை விடவில்லை, ஆற வைத்துக் குடித்தேன், பகல் நேரத்துச் சூடு பாதி குறைந்தது.

படுக்கையில் இரண்டு மெல்லிய பருத்தித் துண்டு, தலையணைக்கடியில் ஒரு மாற்று பனியன். ஏசியை ஒரேயடியாக 18-ல் வைக்காதீர்கள், பின்னால் வரும் குளிர் இரட்டிப்பாகும். மின்விசிறியும் மெல்லிய போர்வையும் போதும். சூடு ஏறுவது தெரிந்ததும் வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சு இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். சூட்டை நிறுத்தாது, பதற்றத்தை நிறுத்தும்.

இதற்குமேல் தூக்கம் கெடுகிறது என்றால் மருந்து உண்டு: வென்லாஃபாக்சின், காபாபென்டின், மெட்ராக்சி புரோஜெஸ்டரோன் போன்றவை. வென்லாஃபாக்சின் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். காபாபென்டின் தலைசுற்ற வைக்கலாம். எனவே டாக்டரிடம் உங்கள் ரத்த அழுத்த அளவையும், விழுந்திருக்கிறீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

7. மார்பு வலியும் வீக்கமும்: தள்ளிப்போடாதீர்கள்

இதைத்தான் ஆண்கள் அதிகம் மறைக்கிறோம். என் பேத்தி ஓடிவந்து மார்பில் சாய்ந்தபோது உயிர் போகிற வலி. அவளை விலக்கினேன், ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் வாயைத் திறந்தேன்.

பைகலூட்டமைட் தனியாக எடுப்பவர்களுக்கு இது மிகவும் சகஜம், ஊசி மட்டும் போடுபவர்களுக்குக் குறைவு. முதலில் காம்பு கூசும், பிறகு அடியில் தட்டு போல ஒரு கட்டி தட்டுப்படும்.

தள்ளிப்போடக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொடக்கத்தில் டாமாக்சிஃபென் மாத்திரை உதவும். மார்பகத்துக்குச் சின்ன அளவில் கதிர்வீச்சு கொடுப்பது வீக்கம் வருமுன் செய்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஒரு வருடம்போல விட்டுவிட்டால் அந்தத் திசு நார்போல இறுகிவிடும், பிறகு மருந்துக்குக் கரையாது, அறுவை சிகிச்சைதான். எனவே நீண்ட நாளைக்குப் பைகலூட்டமைட் தொடங்குகிறவர் முதல் நாளே "மார்பு வீக்கத்துக்கு முன்கூட்டியே ஏதாவது செய்யலாமா?" என்று கேட்டுவிடுவது நல்லது. டாமாக்சிஃபெனுக்கு ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. முன்பு காலில் ரத்தக்கட்டு வந்திருந்தால் சொல்லுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கல் போலக் கெட்டியான கட்டி, காம்பில் ரத்தம், தோல் சுருங்குவது இருந்தால் ஊசி என்று நினைத்து விடாமல் காட்ட வேண்டும். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும்.

அதுவரை மெத்தென்ற பருத்திப் பனியன், குறுக்கே வார் போட்டு மாட்டும் பையை விட்டுவிட்டுக் கைப்பை, குப்புறப் படுக்காமல் இருப்பது. இவ்வளவே வலியைப் பெரிதும் குறைக்கும்.

8. அழுகை, கோபம், மறதி

டிவியில் கல்யாண விளம்பரம் ஓடும், கண்ணில் நீர் கொட்டும். பேரன் பாத்திரத்தைத் தட்டிவிட்டால் வராத கோபம் வரும். நாற்பது வருடம் வாயில் இருந்த பெயர் நினைவுக்கு வராது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தவருக்கு இதெல்லாம் நேரலாம். மனம் பலவீனமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

முதலில் வீட்டில் சொல்லுங்கள். "மருந்தால எனக்குச் சட்டுனு அழுகை வருது, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்ற ஒரு வாக்கியம் போதும். சொல்லாவிட்டால் வீட்டார் நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அவர்களும் உடைந்துபோவார்கள்.

மறதிக்கு ஏழு நாள் மாத்திரை டப்பா, வங்கி வேலைகளை காலையிலேயே முடிப்பது. தூக்கம் கெட்டாலும் மறதி கூடும், எனவே இரவுச் சூட்டைச் சரி செய்தாலே இது ஓரளவு குறையும். என்சலூட்டமைட், அபலூட்டமைட் எடுக்கும்போது மறதியும் சோர்வும் மிகவும் கூடினால், மூளைக்குள் குறைவாகப் போகும் டாரோலூட்டமைட் போன்ற மாற்று உண்டா என்று கேட்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, அதிகாலையில் விழிப்பு வந்து தூக்கம் வரவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு, கேட்டு வாங்குங்கள்.

9. தொடை வற்றுவது, மூட்டுப் பிடிப்பு, விழுவது

நாலாவது மாதம் குந்தி உட்கார்ந்து செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. வலியே இல்லை, தொடையில் சக்திதான் இல்லை. சுவரைப் பிடித்து எழுந்தேன். எடை மெஷினில் மூன்று கிலோ கூடியிருந்தது, ஆனால் தொடை இளைத்திருந்தது. தசை குறைந்து அந்த இடத்தில் கொழுப்பு ஏறுவதுதான் இதில் நடக்கிறது. அதனால்தான் எடையோடு இடுப்பளவும் எடுக்கச் சொன்னேன்.

சோர்வாக இருக்கிறதே என்று படுத்தால் சோர்வு கூடும். இந்தச் சிகிச்சையின் சோர்வுக்கு உடற்பயிற்சியைவிட நல்ல மருந்து இல்லை. நடை மட்டும் போதாது, தசைக்குப் பாரம் வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஒரு முறைக்குப் பத்து, சற்று ஓய்வெடுத்து மூன்று முறை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ கனம், இரண்டு கையிலும் பிடித்துத் தூக்குங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இது, மற்ற நாள் அரை மணி நடை.

எலும்புக்கு நோய் பரவியிருந்தால் தொடங்கும் முன் எந்த எலும்பு என்று கேட்டு, பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டே செய்யுங்கள். குனிந்து கனம் தூக்குவது, இடுப்பைத் திருகுவது வேண்டாம்.

காலை எழுந்ததும் விரல், முட்டி பிடித்துக்கொண்டு அரை மணியில் இளகுவது ஹார்மோன் குறைவால் வரலாம். வெந்நீர் ஒத்தடமும் நடமாட்டமும் போதும். ஒரே எலும்பில், ராத்திரியிலும் விடாத, நாளுக்கு நாள் கூடும் வலி வேறு, அதைக் காட்டுங்கள்.

கால்சியம் ஒரு நாளைக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து 1000 முதல் 1200 மில்லிகிராம். கேழ்வரகு 100 கிராமில் 300-க்கு மேல் இருக்கிறது, பாலும் தயிரும் சேர்ந்தால் பெரும்பகுதி வந்துவிடும். மீதிக்குத்தான் மாத்திரை. டெனோசுமாப் போடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஆறு மாத ஊசியைத் தவறவிட்டவர்களுக்கு முதுகெலும்பு பொடிந்திருக்கிறது. சோலெட்ரோனிக் ஆசிட் முதல் முறை போட்டதும் ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். முன்பே தெரிந்தால் பயமில்லை.

வீட்டில் கழிவறையில் ஒரு கைப்பிடி, படுக்கைக்கும் கழிவறைக்கும் நடுவில் இரவு விளக்கு. இரவில் சிறுநீருக்கு எழும்போது கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள்.

ரத்தம் குறைந்தது தெரிந்ததும் இரும்பு டானிக் வாங்கிவிடுகிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைவதால் இறங்கும் ஹீமோகுளோபின் இரும்பால் ஏறாது, மலச்சிக்கல்தான் மிச்சம். இரும்புச் சத்து உண்மையிலேயே குறைவா என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.

10. மாத்திரைக்கு மாத்திரை வேறுபடும் தொல்லைகள்

அபிராடெரோன்: கால் வீக்கம், ரத்த அழுத்தம் ஏறுவது, பொட்டாசியம் இறங்கிக் கெண்டைக்கால் பிடிப்பும் படபடப்பும் வருவது. முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனை, மாதம் ஒருமுறை பொட்டாசியம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மாத்திரை, அதற்குப் பின் ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது. "வயிற்றைப் புண்ணாக்கும், சாப்பிட்டதும் போடு" என்ற நம் வழக்கம் இங்கே ஆபத்து, உணவோடு சேர்ந்தால் மருந்து பல மடங்கு ரத்தத்தில் ஏறும். கூட வரும் ஸ்டீராய்டு மட்டும் சாப்பிட்ட பிறகு. இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்குவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வாந்தியால் தங்கவில்லை என்றால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த மாத்திரையை அவர் வெறும் கையால் எடுத்துத் தர வேண்டாம்.

என்சலூட்டமைட்: கடும் சோர்வு, விழுவது, ரத்த அழுத்தம், அபூர்வமாக வலிப்பு. முன்பு வலிப்போ பக்கவாதமோ வந்திருந்தால் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கு டிரமடால் மாத்திரையை வேறு டாக்டர் எழுதினால், இதை எடுக்கிறேன் என்று சொல்லுங்கள், அதுவும் வலிப்பைத் தூண்டக்கூடியது.

அபலூட்டமைட்: அரிப்போடு தடிப்பு, தைராய்டு குறைவு. தடிப்போடு வாய்ப்புண்ணோ கொப்புளமோ வந்தால் அன்றே போங்கள்.

வேறு எதற்கு வேறு டாக்டரிடம் போனாலும் முதல் பக்கப் பட்டியலைக் காட்டுங்கள். ஹார்மோன் ஊசியே இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை இ.சி.ஜியில் சற்று நீட்டக்கூடியது. அசித்ரோமைசின், ஆண்டான்செட்ரான் போல நாம் சாதாரணமாக நினைக்கும் மருந்துகளும் அதையே செய்யும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் பைகலூட்டமைட், என்சலூட்டமைட் இரண்டையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆண்மைக்கு என்று விற்கும் லேகியம், டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் பவுடர் எதுவும் வேண்டாம். கஷ்டப்பட்டு இறக்கியதை ஏற்றப் பார்ப்பது அது.

11. ஊசி போட்ட இடம்

டெகாரெலிக்ஸ் வயிற்றுத் தோலுக்கடியில் போடுவது. முதல் முறை இரண்டு குத்து, சிவந்து தடித்து வலிக்கும், ஓரிரு நாள் குளிர்காய்ச்சல்கூட வரலாம். வேட்டி முடிச்சும் பெல்ட்டும் அரைஞாண் கயிறும் அழுத்தும் இடத்தை விட்டுப் போடச் சொல்லுங்கள். தேய்க்க வேண்டாம். நாளுக்கு நாள் சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ காட்டுங்கள். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் எந்த ஊசிக்கு முன்னும் நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

12. படுக்கையறை விஷயம்

ஆசையே இல்லாமல் போவது, உறுப்பும் விதையும் சுருங்குவது, உடம்பு முடி உதிர்வது. இவை எல்லாம் நடக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, எனக்கு அதுதான் வருத்தம். சில்டெனாஃபில் விறைப்புக்கு உதவலாம், ஆசையைத் தராது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர்கள் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் உயிராபத்தாக இறங்கும்.

மனைவியிடம் பேசுங்கள். நான் ஒதுங்கிப் படுத்ததை என் மனைவி கோபம் என்று எடுத்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்ன அன்றைக்குத்தான் இருவரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

13. டாக்டர் அறையில் ஐந்து நிமிடம்

அவ்வளவுதான் நேரம் கிடைக்கும். முந்தின இரவே நோட்டிலிருந்து மூன்றை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். அதிகம் வெட்கப்படுவதை முதலில் எழுதுங்கள், கடைசியில் வைத்தால் சொல்லாமலே வந்துவிடுவீர்கள். "முடியல" என்று சொல்லாமல் "இரவில் ஐந்து முறை, பன்னிரண்டாம் நாளிலிருந்து" என்று சொன்னால் டாக்டர் உடனே நிமிர்ந்து பார்ப்பார்.

ஊசியை நிறுத்தலாமா என்று கேட்பதில் தவறில்லை. சிலருக்கு இடைவெளி விட்டுக் கொடுக்கும் முறையும் உண்டு, எல்லோருக்கும் பொருந்தாது. நிறுத்தினாலும் மறுநாளே சூடு நிற்காது. மூன்று மாத ஊசியின் வேலை முடிந்து டெஸ்டோஸ்டிரோன் திரும்ப ஏறப் பல மாதம் ஆகும், வயதானவர்களுக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

கிளம்பும்போது அடுத்த ஊசியின் தேதியைக் கவுண்டரிலேயே எழுதி வாங்குங்கள். மாத ஊசி என்றால் பெரும்பாலும் 28 நாள், அடுத்த மாதம் அதே தேதி இல்லை. மூன்று மாத ஊசி பலவற்றில் 12 வாரம், அதாவது 84 நாள். உங்கள் ஊசிக்கு எது என்று நர்ஸிடம் கேட்டு, தினசரி காலண்டரில் அந்தத் தாளை அப்போதே மடித்து வைத்துவிடுங்கள்.